கைநாட்டு போதும், வங்கிதான் வீட்டுக்கு வர வேண்டும்

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். காபி எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து மனைவிக்கு வலது கை, கால் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. தலையாட்டுகிறார், பிடிக்காததைச் செய்தால் கோபப்படுகிறார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாம் இவர் ஒருவர்தான். குடும்பத்தின் சேமிப்பு முழுக்க மனைவி பெயரில், சேலத்தில் ஒரு வங்கிக் கிளையில் இருக்கிறது. இதுவரை அவருடைய ஏடிஎம் கார்டில் எடுத்துச் சமாளித்தார். இப்போது கார்டு காலாவதி ஆகிவிட்டது, எஃப்.டி. ஒன்றும் முதிர்ந்துவிட்டது. இடது கையால் போட்ட கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் திருப்பிவிட்டார்கள். "அம்மாவை நேரில் கூட்டி வாங்க, இல்லாட்டி கார்டியன் ஆர்டர் கொண்டு வாங்க" என்கிறார்கள். ஆர்டர் வாங்கித் தர ஒருவர் 35,000 ரூபாய் கேட்கிறார். முதல் வேலையாக இரண்டு வெற்றுப் பத்திரத் தாள்களில் மனைவியின் ரேகை வேண்டுமாம். கொடுக்கலாமா என்பது கேள்வி.

கொடுக்காதீர்கள் ஐயா. தாளை வாங்கி வைத்திருந்தால் குறுக்கே கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் மனைவிக்கு கார்டியன், அதாவது அவர் சார்பில் முடிவெடுக்கும் சட்டப்படியான பாதுகாவலர், தேவையே இல்லை. அவருக்குப் பேச்சுதான் போயிருக்கிறது, புத்தி போகவில்லை. இந்த வித்தியாசம் கவுன்டரில் இருப்பவருக்குப் புரியாததால்தான் உங்களை அலைய விடுகிறார்கள். சட்டத்தின் பார்வையில், தன் பணத்தைப் பற்றி ஒருவருக்குப் புரிந்து முடிவெடுக்க முடிகிறது என்றால் அந்தக் கணக்குக்கு அவரே எஜமானர். கையெழுத்து வராததும் வாய் பேசாததும் அந்த உரிமையைப் பறிப்பதில்லை.

35,000 ரூபாய் கேட்கும் அந்த ஆளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி ஆட்கள் சேலத்தில் மட்டுமல்ல, சார்பதிவாளர் அலுவலகம் இருக்கும் எல்லா ஊரிலும் உண்டு. கார்டியன் ஆர்டர் என்று பேச்சைத் தொடங்குவார்கள். கடைசியில் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பொது அதிகாரப் பத்திரம், அதாவது பவர். அதில் வங்கிக் கணக்கு ஒரு வரியில் இருக்கும். மீதிப் பக்கங்களில் வீட்டை விற்க, அடமானம் வைக்க, முன்பணம் வாங்க என்று அதிகாரம் நீண்டுகொண்டே போகும். படுக்கையில் இருப்பவரின் ரேகை பதிந்த வெற்றுத் தாள் ஒன்று வெளியே போய்விட்டால், நாளை அதன் மேல் கடன் பத்திரம் எழுதலாம், விற்பனை ஒப்பந்தம் எழுதலாம். சொந்தக்காரர்களே அப்படி எழுதிக்கொண்டு வந்து நிற்கிற வழக்குகள் உண்டு. அதை இல்லை என்று நிரூபிக்க ஆகும் வருடங்களை நீங்கள் இப்போது இருக்கிற நிலைமையில் தாங்க மாட்டீர்கள். இன்னும் சிலர் "நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் கலெக்டர் மூலம் வாங்கித் தருகிறேன்" என்பார்கள். 1999-ல் வந்த அந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. பக்கவாதம் வந்த ஆசிரியைக்கு அந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது?

கையெழுத்துப் போட முடியாத, வங்கிக்கு வரவும் முடியாத நோயாளிகளுக்கு என்று ரிசர்வ் வங்கி தெளிவாகவே வழி சொல்லியிருக்கிறது. பணம் எடுக்கும் படிவத்தில் கைக் கட்டைவிரல் ரேகை வைக்கலாம். கை வராவிட்டால் கால் கட்டைவிரல் ரேகை. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர் ஏதாவது ஒரு அடையாளக் குறி போட்டால்கூடப் போதும், அதற்கும் இதே சாட்சிகள்தான். பணத்தை யார் வாங்கப் போகிறார் என்பதைக் கணக்குக்காரர் காட்டினால், அந்த நபர் வங்கியில் தன் கையெழுத்தைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். உங்கள் மனைவிக்கு இடது கை வேலை செய்கிறது. இடது கட்டைவிரல் ரேகையே போதுமானது.

நேரில் கூட்டி வரச் சொல்வதற்கும் பதில் இருக்கிறது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும், நாள்பட்ட நோய் அல்லது ஊனம் என்று மருத்துவச் சான்று உள்ளவர்களுக்கும் பணம் கொடுப்பது, வாங்குவது போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே தர வேண்டும் என்று 2017 நவம்பர் 9-ஆம் தேதி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இத்தனை வருடம் ஆகியும் இது பல கிளைகளில் மேசை டிராயருக்குள்ளேயே கிடக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் ஒருவரைக் காரில் கிடத்தி, 20 கொண்டை ஊசி வளைவு இறக்கி, டோக்கன் போட்டு உட்கார வைக்கச் சொல்கிற மேலாளர் தன் அம்மாவாக இருந்தால் அப்படிச் சொல்வாரா? எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் கவுன்டரில் கோபப்பட்டு ஒன்றும் நடக்காது. எழுத்தில் கேட்டால்தான் நடக்கும்.

கிளை மேலாளருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். கணக்கு எண், மனைவியின் நிலை, ரேகை வைத்துப் பணம் எடுக்க விரும்புவது, அதற்கு அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வர வேண்டும் என்பது, 2017 சுற்றறிக்கையின் தேதி. இவ்வளவு போதும். கடிதத்தின் அடியில் மனைவியின் ரேகை, அதன் பக்கத்தில் இரண்டு சாட்சிகள். கூடவே ஒரு மருத்துவச் சான்று. இந்தச் சான்றில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். 'பக்கவாத நோயாளி, படுக்கையில் இருக்கிறார்' என்று மட்டும் டாக்டர் எழுதிக் கொடுத்தால், அதைப் படிக்கும் வங்கிக்காரர் இவருக்குச் சுயநினைவு இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். 'பேச இயலாது, ஆனால் சொல்வதைப் புரிந்துகொள்கிறார், சைகையால் தன் விருப்பத்தைத் தெரிவிக்கிறார்' என்ற வாக்கியத்தைக் கேட்டு வாங்குங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் டாக்டரோ, அவருக்கு வைத்தியம் பார்க்கிற நரம்பியல் டாக்டரோ எழுதினால் நல்லது. கடிதத்தின் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் இல்லாமல் வெளியே வராதீர்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, முடியாது என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பு அதிகாரியிடம், புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். "ஒம்பட்ஸ்மேனுக்கு எழுதப் போகிறேன்" என்ற வரியை நினைவூட்டல் கடிதத்தில் சேர்த்தாலே பல கிளைகளில் ஜீப் மலையேறிவிடும். ஒரு நோயாளியின் சொந்தப் பணத்துக்கு இவ்வளவு மிரட்ட வேண்டியிருப்பது வெட்கக்கேடு.

அதிகாரி வீட்டுக்கு வருகிற அந்த ஒரு நாளை வீணாக்காதீர்கள். ஒரு மாதச் செலவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால், அடுத்த மாதம் மறுபடி இதே பாடு. உங்கள் பெயரையும் சேர்த்து அதை ஜாயின்ட் அக்கவுன்ட்டாக மாற்றும் படிவத்தில் மனைவியின் ரேகையை அன்றைக்கே வாங்கச் சொல்லுங்கள். 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற வகை. அப்புறம் உங்கள் கையெழுத்து ஒன்றே போதும். எஃப்.டி.யிலும் இதே போல உங்கள் பெயரைச் சேருங்கள். தவணைக்கு முன்பே எடுக்கவும் ஒருவர் கையெழுத்து போதும் என்று தனியாக எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் அவசரத்துக்கு உடைக்கும்போது இரண்டு கையெழுத்தும் கேட்பார்கள். நாமினி நான்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். நாமினிக்கு அவர் உயிரோடு இருக்கும்வரை ஒரு ரூபாய் எடுக்கவும் அதிகாரமில்லை. உங்கள் வங்கிக்கு ஏற்காட்டிலேயே கிளை இருந்தால் கணக்கை அங்கே மாற்றவும் அன்றே எழுதிக் கொடுங்கள். பாதி மலை அலைச்சல் அதோடு போய்விடும்.

இதெல்லாம் முடியும்வரை கைச்செலவுக்கு என்ன செய்வது? மனைவியின் கணக்கில் ஆதார் இணைந்திருந்தால், இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் கருவியோடு வரும் தபால்காரரிடம் வீட்டிலேயே விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை. எந்த வங்கிக் கணக்காக இருந்தாலும் சரி. ஒன்று மட்டும் கவனம்: "சரியா பதியல, இன்னொரு தடவை வைங்க" என்று கருவி வைத்திருக்கும் வெளி ஏஜென்ட் யாராவது சொன்னால், முதல் தடவைக்கான ரசீதைப் பார்க்காமல் இரண்டாவது முறை விரலை வைக்க விடாதீர்கள். இதில்தான் பணம் போகிறது.

பழைய ஏடிஎம் கார்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மனைவியின் கார்டைக் கணவர் பயன்படுத்துவது வங்கி விதிப்படி சரியில்லை. ஏதாவது தகராறு வந்தால் வங்கி கையை விரித்துவிடும். ஜாயின்ட் அக்கவுன்ட் ஆனதும் உங்கள் பெயரிலேயே ஒரு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்லப் போவது உங்களுக்கு இன்றைக்குப் பொருந்தாது. ஆனாலும் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இரண்டாவது தடவை பக்கவாதம் வருவது அபூர்வமில்லை. நாளை அவருக்கு நினைவே இல்லாத நிலை, அல்லது எதுவும் புரியாத நிலை வந்துவிட்டால் மேலே சொன்ன எதையும் புதிதாகச் செய்ய முடியாது. புரியாதவரின் ரேகைக்கு மதிப்பில்லை. அதற்கு முன் எழுதி வைத்த பவரும் அன்றோடு உயிர் இழக்கும். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் ஏஜென்ட்டின் அதிகாரம் முடிகிறது என்பது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பவர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வதில்லை. அந்த நிலையில் மனைவிக்காகக் கணவர் பணத்தைக் கையாள நமது நாட்டில் நேரான சட்டம் கிடையாது. கார்டியன் நியமிப்பதற்கான 1890-ஆம் வருடச் சட்டம் மைனர்களுக்கு மட்டும். 1987-ஆம் வருட மனநலச் சட்டத்தில் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆளை நியமிக்கும் ஏற்பாடு இருந்தது. 2017-ல் புதுச் சட்டம் கொண்டுவந்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள், பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுவதுதான் மிச்சமிருக்கும் வழி. 2024 மே மாதம் கோமாவில் இருந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க மனைவியைக் கார்டியனாக நியமித்து சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவு போட்டது. சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்ன தனி நீதிபதியின் உத்தரவை ரத்து செய்துவிட்டுத்தான் இதைக் கொடுத்தார்கள். ஆக வழி இருக்கிறது. ஆனால் வீட்டில் ஒருவரைப் புரட்டிப் போட ஆளில்லாதவர் சென்னைக்கும் சேலத்துக்கும் நடக்க வேண்டும். அந்த நாள் வருவதற்கு முன்பே ஜாயின்ட் அக்கவுன்ட் ஆகிவிட வேண்டும் என்று நான் அவசரப்படுத்துவது இதனால்தான். உங்கள் மனைவிக்கு இன்று எல்லாம் புரிகிறது. இந்த வாரமே கடிதத்தைக் கொடுங்கள்.

கடைசியாக, அதிகாரி வரும் நேரத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். மாத்திரை போட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரம் வேண்டாம். குளித்துச் சாப்பிட்டுத் தெளிவாக இருக்கும் காலை நேரம் நல்லது. "இந்தப் பணத்தை உங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுக்கலாமா? அவர் பேரைச் சேர்க்கலாமா?" என்று அதிகாரி நேராக உங்கள் மனைவியிடமே கேட்கட்டும், அவர் தலையாட்டட்டும். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்; சொன்னால், கணவர் சொல்லித்தான் ரேகை வைத்தார் என்று ஃபைலில் எழுதிவிடுவார்கள். அதிகாரி அல்லாத இன்னொரு சாட்சிக்கு அதே வங்கியில் கணக்கு உள்ள பக்கத்து வீட்டுக்காரரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மை டப்பாவையும் படிவங்களையும் அதிகாரியே கொண்டு வர வேண்டும். எந்தப் படிவமாக இருந்தாலும் தொகையும் தேதியும் எழுதி முடித்த பிறகுதான் ரேகை.