மரபியல் முனைவர் ஆய்வு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்.எஸ்ஸி. மரபியல் முடித்துவிட்டேன். அரிய பரம்பரை நோய்கள் பற்றி ஐரோப்பாவில் முழு உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்ய விருப்பம். இதுவரை எண்பது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வந்தவை நான்கு பதில்கள், நான்கிலும் ‘இடமில்லை’. எங்கே தவறு?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

எண்பதும் ஒரே அஞ்சல்தானே? பெயரை மட்டும் மாற்றியிருப்பீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் தட்டிய கதவுக்குப் பின்னால் பெரும்பாலும் பணம் இல்லை. ஐரோப்பாவில் பணம் ஒன்று நிறுவனத் திட்டத்திடம் இருக்கும், அல்லது விளம்பரம் செய்த பணியிடத்தோடு வரும்.

கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஹிங்ஸ்டனிலுள்ள வெல்கம் சாங்கர் நிறுவனத்தின் நான்காண்டுத் திட்டம் முதல் வகை. முதலாண்டில் மூன்று ஆய்வகங்களில் சிறு ஆய்வுகள் செய்துபார்த்த பிறகே வழிகாட்டி முடிவாகும். பட்டம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துடையது. ஹைடல்பெர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகமான இஎம்பிஎல், ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகள் ஆகியவற்றிலும் திட்டத்துக்குத்தான் விண்ணப்பம்.

இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம் ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி க்யூரி டாக்டோரல் நெட்வொர்க். வேலை ஒப்பந்தம், மாதச் சம்பளம். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். விளம்பரம், ஆய்வுப் பணியிடங்களுக்கான யூராக்சஸ் இணையதளத்தில் வரும். பலர் கோட்டைவிடுவது இதன் இடப்பெயர்வு விதியில்: சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில், சேரும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் இரண்டாண்டு எம்.எஸ்ஸி. படித்த கையோடு அங்கேயே இந்த இடம் கிடைக்காது, நெதர்லாந்தில் கிடைக்கும். இந்தியாவிலிருந்து நேரே போகும் உங்களுக்கு இது தடையே இல்லை.

பிரிட்டனில் அரசு ஆய்வு மன்றங்களின் நிதி 2021 முதல் வெளிநாட்டாருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் ஓர் ஆண்டில் சேரும் மாணவர் அணியில் 30 சதவீதம் வரைதான்.

இனி அஞ்சலுக்கு வருவோம். ‘தங்கள் ஆய்வில் பெரும் ஆர்வம்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். செய்ததை எழுதுங்கள். இப்படி (மற்ற வாசகர்களுக்காக: எக்சோம் என்பது டி.என்.ஏ.வில் புரதம் உருவாக்கும் பகுதிகள்; நோமாட் என்பது ஒரு மரபணு மாறுபாடு மக்களிடம் எவ்வளவு பரவலானது என்று காட்டும் தரவுத்தளம்): “அத்தை மகனை மணந்த பெண்ணின் குடும்பம், குழந்தைகளுக்குப் பிறவிக் காதுகேளாமை. ஐந்து பேரின் எக்சோம் தரவு. நோமாட் தரவுத்தளத்தில் 1 சதவீதத்துக்கு மேல் காணப்படும் மாறுபாடுகளை நீக்கினேன். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரு பிரதிகளும் ஒத்திருக்கும் பகுதிகளில் மூன்று மிஞ்சின. இரண்டு, நோயில்லாத அண்ணனிடமும் இரு பிரதிகளாக இருந்ததால் கழிந்தன.” ஐந்தே வரி, ஆனால் படிப்பவருக்கு உங்கள் கைத்திறன் தெரியும். நோமாட்டில் அரிதாகத் தெரியும் மாறுபாடு, தலைமுறைகளாக உள்ளுக்குள்ளேயே மணம்செய்யும் ஒரு சமூகத்தில் பரவலாக இருக்கலாம் என்பதையும் அறிந்தவர் என்று காட்டினால், கூட்டத்தில் ஒருவராக இருக்க மாட்டீர்கள்.

ஒரு எச்சரிக்கை: ‘எங்கள் நோயாளிகளின் மாதிரிகளைக் கொண்டுவருகிறேன்’ என்று ஆசைகாட்டாதீர்கள். நோயாளியின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் மத்திய அரசின் பரிசீலனையும் இல்லாமல் அவை நாட்டைவிட்டுப் போக முடியாது. விவரமறிந்த பேராசிரியர் அந்த வரியோடு நிறுத்திவிடுவார்.

பரிந்துரைக் கடிதத்தை ‘நீயே எழுதிக்கொண்டு வா’ என்பது நம் ஊர் வழக்கம். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் தேர்வுக்குழு கண்டுபிடித்துவிடும். உங்கள் ஆய்வேட்டின் இரண்டு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்து உங்கள் ஆசிரியர்களையே எழுதச் சொல்லுங்கள். ஜிமெயிலில் இல்லாமல் கல்லூரி முகவரியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். பல திட்டங்களுக்கு அக்டோபர் முதல் ஜனவரிக்குள் கடைசி நாள் வந்துவிடும். ஆகஸ்டிலேயே கேட்டுவிடுங்கள்.