மண் தட்டை யார் கழுவுவது?

கேள்வி: ஐப்பசி அடைமழையில் எங்கள் தெருக்கோடியில் பாதி கட்டி நின்ற வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, அங்கே குட்டி போட்டிருந்த தெருப்பூனையையும் அதன் நான்கு குட்டிகளையும் அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து காப்பாற்றினேன். குட்டிகளுக்கு இப்போது மூன்று வாரம் ஆகிறது. கண் திறந்து தள்ளாடி நடக்கின்றன. என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. குழந்தை வரப்போகும் வீட்டில் பூனை ஆகாது, மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடு என்று என் அம்மா தினமும் சொல்கிறார். வாயில்லா ஜீவனிடம் இவ்வளவு இரக்கமில்லாமல் அவர் பேசுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. (பூனை மலம் கழிக்க மண் போட்டு வைத்திருக்கும் தட்டை மனைவி தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அம்மாதான் அதைச் சுத்தம் செய்கிறார். முழங்கால் வலியால் குனிய முடியவில்லை என்கிறார். நான்கு நாள் முன்பு பூனை அவர் கையைக் கீறியும் விட்டது.) இப்போது பூனை கட்டிலடியிலும் அசுத்தம் செய்யத் தொடங்கியிருக்கிறது. அம்மாவின் மனத்தை மாற்றுவது எப்படி?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் மூன்று வாக்கியங்கள் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. மற்றவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வர நாளாகும் என்பதால், கடிதத்தைப் படித்த அன்றே, அம்மாவை உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடும்படி உங்களுக்குத் தகவல் அனுப்பச் சொன்னேன். ‘வெறிநாய்’ என்று பெயரில் இருப்பதால் பூனைக்கு அதில் பங்கில்லை என்று படித்தவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். ரேபிஸ் என்ற அந்த நோய் பூனைக்கும் வரும். பூனையின் கடியிலும் கீறலிலும் மனிதருக்கும் வரும். அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. கீறிய உடனே அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவியிருக்க வேண்டும். அம்மா மஞ்சளை அப்பிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார், நீங்களும் அதைப் பெரிதாக விசாரித்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். நான்கு நாள் கழிந்ததால் பயனில்லை என்று இருந்துவிடக் கூடாது. தாமதமானாலும் ஊசியைத் தொடங்கத்தான் வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். தோலில் போடும் முறையில் தொடங்கும் நாளும், அதிலிருந்து 3, 7, 28 ஆம் நாட்களும் என நான்கு முறை போக வேண்டியிருக்கும். ரத்தம் கசிந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடுவார்கள். கீறிய நாளிலிருந்து பத்து நாட்கள் பூனை நலமாக இருந்தால் மிச்ச ஊசிகளை என்ன செய்வது என்று மருத்துவர் சொல்வார். அதை நீங்களே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள்.

இனி மண் தட்டு. உங்கள் வீட்டில் மூன்று பேர். ஒருவர் கர்ப்பிணி, அவர் அதைத் தொடக்கூடாது. மருத்துவர் சொன்னது மிகச் சரி. இன்னொருவருக்கு முழங்கால் மடங்கவில்லை. மூன்றாமவர் இரண்டு கையும் இரண்டு காலும் நன்றாக உள்ள ஆண்பிள்ளை, பூனையைக் கொண்டுவந்தவரும் அவரே. மனைவி தொடக்கூடாது என்றவுடன் அந்த வேலை எந்தப் பேச்சும் இல்லாமல் அம்மாவிடம் போய்ச் சேர்ந்திருக்கிறதே, நடுவில் உங்கள் பெயர் யாருக்குமே நினைவுக்கு வரவில்லையா? உங்களுக்கே வரவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. ‘காப்பாற்றினேன்’ என்று எழுதும்போது ‘நான்’ வருகிறது, கழிவை அள்ளும்போது ‘அம்மா’ வருகிறார். ஊரார் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே என்று நம் பக்கம் ஒரு பழமொழி உண்டு. நீங்கள் பெண்டாட்டிக்குப் பதில் அம்மாவின் கையை வைத்துக்கொண்டு ஜீவகாருண்யம் நடத்துகிறீர்கள்.

இந்தப் பகுதிக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து கடிதங்களாவது இப்படி வருகின்றன. பிள்ளை நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு வருவான், தாய் வேண்டாம் என்பாள், பிள்ளை அவளைக் கல்நெஞ்சக்காரி என்பான், மூன்றாம் மாதம் அந்தப் பிராணி அவள் காலடியில்தான் படுத்திருக்கும். உங்கள் அம்மா இரக்கமில்லாதவர் என்றால், வலிக்கிற காலோடு குனிந்து, கீறலும் வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஏன் அந்தத் தட்டின் பக்கம் போகிறார்? ‘என்னால் முடியவில்லையடா, நீ செய்’ என்று வளர்ந்த மகனிடம் சொல்ல நம் வீடுகளில் எந்தத் தாய்க்கும் வாய் வருவதில்லை. அதனால் ‘பூனை ஆகாது’ என்று சாஸ்திரத்தின் மேல் பழியைப் போடுகிறார். அந்தச் சாஸ்திரத்தோடு நீங்கள் வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள்.

மார்க்கெட்டில் விட்டுவிடுவதில் எனக்கு ஒரு துளியும் சம்மதமில்லை. சோறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், பால் கொடுக்கிற ஒரு தாயைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கோ விடுவதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் அதைத் தடுக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. அம்மாவுக்கு உபதேசம் செய்துவிட்டால் அது தீர்ந்துபோகாது.

மனைவியின் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதுவும் அதே தட்டில்தான் இருக்கிறது. மருத்துவர் அஞ்சுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியை. அது முதன்முறையாகத் தொற்றிய பூனையின் மலத்தில் சில வாரங்கள் வெளிவரும். கர்ப்ப காலத்தில் தாய்க்குப் புதிதாகத் தொற்றினால் வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கலாம். வெளிவந்த உடனே அது தொற்றாது. தொற்றக்கூடிய நிலைக்கு முதிர ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து பெரும்பாலும் தீர்ந்தது. உங்கள் வீட்டிலோ இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை! மனைவியைத் தட்டிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, தட்டை அவர் இருக்கும் வீட்டிலேயே ஊறவிட்டிருக்கிறீர்கள். பூனை கட்டிலடிக்குப் போனதற்கும் இதுதான் பெரும்பாலும் காரணம். அழுக்கான மண்ணில் பூனை கால் வைக்காது. இன்னொன்று, குட்டிகள் இத்தனை நாள் கழித்ததையெல்லாம் தாய்ப்பூனையே நக்கித் துடைத்துவிட்டது. அதை நீங்கள் வியந்து பார்த்திருப்பீர்கள், படம்கூட எடுத்திருப்பீர்கள். இந்த வாரமோ அடுத்த வாரமோ குட்டிகளும் மண்ணைத் தேடத் தொடங்கும். அப்போது அம்மா ஐந்து பூனைகளுக்கு அள்ளுவாரா?

நாளையிலிருந்து காலையும் இரவும் நீங்கள் அள்ளுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, அள்ளியதை உறையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். தட்டைக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்து, பிறகு சோப்பால் கையைக் கழுவுங்கள். ஃபினாயில் மட்டும் வேண்டாம். அதிலுள்ள சரக்குகள் பூனைக்கு நஞ்சு, காலில் ஒட்டியதை நக்கியே அது படுத்துவிடும். இரண்டு தட்டு வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது மற்றது பயன்படும். தட்டைக் குட்டிகளின் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். குட்டிகளுக்கு மேலாக ஒரு கை நீண்டால் எந்தத் தாயும் கீறத்தான் செய்யும். அறையின் எதிர்க்கோடிக்கு அதை மாற்றுங்கள். தோட்ட மண்ணிலிருந்தும் கழுவாத கீரையிலிருந்தும் சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும்கூட இதே தொற்று வரும் என்பதை மனைவிக்குச் சொல்லுங்கள். மற்றபடி பூனை அதே வீட்டில் இருப்பதால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது.

தீனியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதையும் அம்மாதான் பார்க்கிறார் போலும். பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும். தயிர்சோறு அதற்கு உணவாகாது. கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாத டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அதற்குக் கிடைக்க வேண்டும். உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த கோழியையும், முள் நீக்கிய மீனையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். குட்டிகளுக்கென்று விற்கும் தீவனத்தைத் தாய்க்கும் வைக்கலாம். குழம்பில் போட்ட மீன் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். குட்டிகளுக்குப் பசும்பால் புகட்டினால் வயிற்றுப்போக்குதான் வரும். நான்காவது வாரத்திலிருந்து மசித்த தீனியை அவற்றுக்குப் பழக்குங்கள். எட்டு வாரம் ஆகும் வரை தாயைவிட்டுப் பிரிக்காதீர்கள்.

இனி நாட்களை எண்ணுங்கள். குழந்தை பிறக்க நான்கு மாதம் இருக்கிறது. அடுத்த ஐந்தாறு வாரத்தில் குட்டிகளுக்கு எட்டு வாரம் தாண்டிவிடும். அப்போது முதல் தடுப்பூசியைப் போட்டு, பூனை வளர்க்கத் தெரிந்த வீடுகளாகப் பார்த்துக் கொடுக்கலாம். கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்காமல், வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி போட வேண்டும் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். குடற்புழு மருந்தை இப்போதே கால்நடை மருத்துவரிடம் குட்டிகளின் எடையைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். தாய்ப்பூனைக்குப் பால் வற்றியதும் கருத்தடை அறுவை செய்துவிட வேண்டும். அதுவரை கதவைத் திறந்து வெளியே விடாதீர்கள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடியும் சினையாகும், அறுபத்துச் சொச்ச நாளில் அடுத்த ஈற்று வந்து நிற்கும். உங்கள் ஊரில் வசதி இல்லையென்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, போய்க் கேளுங்கள். அறுவை முடிந்த தாய்ப்பூனையை வீட்டிலேயே வைத்துக்கொள்வது உங்கள் கடமை என்பது என் கட்சி. முழு ஈற்றுக்கும் பால் கொடுத்தவளைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு அழகான குட்டியை மட்டும் வைத்துக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. தொட்டில் இருக்கும் அறைக்கு ஒரு கதவு இருந்தால் போதும்.

ஒன்று கேட்கிறேன், எனக்குப் பதில் எழுத வேண்டாம். குழந்தை பிறந்தபின் அதன் மலத்துணியையும் ‘அம்மா பார்த்துக்கொள்கிறார்’ என்றுதான் அடைப்புக்குறிக்குள் போடப்போகிறீர்களா?

அம்மாவின் மனத்தை மாற்ற ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். பூனையைப் பற்றிய பேச்சையே இரண்டு வாரத்துக்கு எடுக்க வேண்டாம். அவர் காலையில் எழுந்து வரும்போது தட்டு கழுவி வெயிலில் கிடக்கட்டும். ஊசி போடும் நாட்களில் அவரைத் தனியாக ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடாமல், அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு நீங்களே கூடப் போங்கள். போகிற இடத்தில், அந்த முழங்காலையும் ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.