ஆற்றங்கரையில் நின்று எடுங்கள்

அன்புள்ள அண்ணா,

இங்கே சிங்கப்பூரில் புக்கிட் தீமா இரும்பு ரயில் பாலத்தைப் பல கோணங்களில் படமெடுத்துவிட்டேன். ரயில் ஓடாத பாலம் என்பதால் அலுத்துவிட்டது. மலேசியாவில் ஊருக்கு ஒதுங்கி இருக்கிற, ரயில் ஓடுகிற பாலங்களைப் படமெடுக்க ஆசை. எங்கே தொடங்கலாம்? சிலர் பாலத்தின் மேல் தண்டவாள நடுவிலேயே நின்று எடுக்கிறார்கள். நானும் அப்படி எடுக்கலாமா?

வாசகர், ஈசூன்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. ஒற்றைத் தடப் பாலத்தில் ரயில் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. ஓட்டுநர் உங்களைப் பார்த்து பிரேக் போட்டாலும் ரயில் உடனே நிற்காது. மலேசியாவில் அது சட்டப்படி குற்றமும்கூட. இதையெல்லாம் விட்டுவிட்டாலும், படமாகவும் அது சுமார்தான். நடுவில் நின்று எடுத்தால் இரும்புச் சட்டங்கள் மட்டுமே விழும். ஆறு எவ்வளவு அகலம், தூண்கள் எவ்வளவு உயரம், அங்கே எதற்குப் பாலம் கட்டினார்கள் என்று எதுவும் தெரியாது. ஆறு இல்லாத பாலப் படத்தை என்னால் முழுப் படமாக ஏற்க முடியவில்லை.

பேராக் மாநிலத்தில் தொடங்குங்கள். கோலகங்சார் பக்கம், காராயில் விக்டோரியா பாலம் இருக்கிறது. 1900இல் திறந்தது, 2002க்குப் பிறகு அதில் ரயில் இல்லை. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலத்தில் மின்சார ரயில்கள் போகின்றன. பழைய பாலத்தின் நடைபாதையிலிருந்தே அவற்றை எடுக்கலாம். முதல் பயணத்துக்கு அது போதும்.

உங்கள் ஆசை முழுதாய் நிறைவேற வேண்டுமானால் கிளந்தான் மாநிலத்துக்குப் போக வேண்டும். கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை போகும் கிழக்குக் கரைப் பாதையில், தானா மேரா அருகே குசியாலில் கில்லமார்ட் பாலம் நிற்கிறது. சிங்கப்பூரில் நம் கில்லமார்ட் சாலைக்குப் பெயர் கொடுத்த அதே ஆளுநரின் பெயர்தான். 1925இல் திறந்த பாலம், சுமார் 600 மீட்டர் நீளம், இன்றும் ரயில் ஓடுகிறது. 1941இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதைத் தகர்த்தது. பிறகு ஜப்பானியர்கள் அந்தப் பாதையின் தண்டவாளங்களை நீளநீளமாகப் பெயர்த்து, சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து நம் தமிழ் ஆட்களையும் அதே வேலைக்குத்தான் கொண்டுபோனார்கள். எத்தனையோ பேர் திரும்பவில்லை. கில்லமார்ட் பாலத்தில் மறுபடி ரயில் ஓடியது 1948இல். அங்கே கேமராவைத் தூக்கும்போது இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சரி, எடுக்கும் முறை. இந்த மாதிரிப் பாலங்களில் ரயில் இரும்புச் சட்டங்களுக்கு உள்ளே ஓடும். நேர்ப் பக்கவாட்டில் நின்றால் ரயில் துண்டு துண்டாகத்தான் தெரியும். கரையோரமாகக் கொஞ்சம் தள்ளிப் போய், சாய்வான கோணத்தில், எஞ்சின் பாலத்தைவிட்டு வெளியே வரும் நேரத்துக்காகக் காத்திருங்கள். ஷட்டர் வேகத்தை 1/500 நொடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். புக்கிட் தீமா பாலமும் இதே வகைதான். எந்தக் கோணத்தில் சட்டங்களுக்கு நடுவே வெளி திறக்கிறது என்று அங்கேயே பார்த்துப் பழகலாம். அலுப்புத் தட்டிய பாலம் இப்போது உதவும்.

ரயில் படத்தில் சிறியதாக விழுந்தாலும் கவலைப்படாதீர்கள். அவ்வளவு பெரிய ஆற்றின் மேல் அது சிறியதுதான்.

ஜொகூர் பாருவிலிருந்து கிளந்தானுக்கு இரவு ரயிலிலேயே போகலாம். அந்தப் பாதையில் ரயில்கள் குறைவு, நேரமும் மாறும். அதனால் புறப்படும் முன் அட்டவணையைப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள். கரைக்கு இறங்கும் வழியை ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வேண்டவே வேண்டாம், வடகிழக்குப் பருவமழை. 2014 டிசம்பர் வெள்ளம் அதே பாதையில் கெமுபு ரயில் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. 2016இல்தான் பாதை முழுதாய்ச் சீரானது. மார்ச்சுக்குப் பிறகு போங்கள், எடுத்த படங்களை எனக்கும் அனுப்புங்கள்.