பொதுக் கொள்கை படிப்பு: "சீட் உறுதி" என்பவரிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: என் அக்கா மகன் திருச்சியில் பிஏ பொருளியல் முடித்துவிட்டு இரண்டு ஆண்டாக ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறான். சிங்கப்பூரில் பொதுக் கொள்கையில் முதுநிலைப் பட்டம் படிக்க ஆசைப்படுகிறான். தேக்காவில் ஓர் ஏஜென்ட் 3,500 வெள்ளி கேட்கிறார். ஓராண்டுப் படிப்பில் சீட் உறுதி, படிக்கும்போதே பகுதிநேர வேலை, முடித்ததும் அரசாங்க வேலை என்கிறார். 500 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?
— வாசகர், உட்லண்ட்ஸ்

கட்டாதீர்கள்.

நீங்கள் நினைக்கிற படிப்பு புக்கிட் தீமாவில் இருக்கும் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியில் இருக்கிறது. 2004-ல் தொடங்கிய பள்ளி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. விண்ணப்பிப்பவர் நேராக அவர்கள் இணையத்தளத்திலேயே போடலாம், நடுவில் ஆள் வேண்டியதில்லை. மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், பையன் தன் கையால் எழுதும் கட்டுரை இவற்றைப் பார்த்து எடுப்பார்கள் அல்லது விடுவார்கள். "உறுதி" என்று சொல்ல வெளியாள் யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்தக் கட்டுரையையும் எழுதித் தருகிறேன் என்பார் பாருங்கள், அதுவும் வேண்டாம். ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகளைப் படித்துப் படித்துச் சலித்துப்போனவர்கள்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்து அந்த "ஓராண்டு". அங்கே ஓராண்டில் முடிவது பொது நிர்வாக முதுநிலை, அதாவது எம்பிஏ (MPA), பையன் கேட்கும் பொதுக் கொள்கை முதுநிலையான எம்பிபி (MPP) இல்லை, எம்பிஏ என்றதும் வணிகப் படிப்பான MBA என்றும் நினைத்துவிடாதீர்கள், சுருக்கெழுத்து வைத்தவரைத்தான் திட்ட வேண்டும். அதற்குக் குறைந்தது ஐந்து ஆண்டு பணி அனுபவம் கேட்கிறார்கள். உங்கள் பையனுக்கு இருப்பது இரண்டு. இதை ஏன் இழுக்கிறேன் என்றால், மாமா கடையில் கணக்கு பார்த்தது, கல்லூரிக் காலத்தில் போன இன்டர்ன்ஷிப் எல்லாவற்றையும் கூட்டி ஐந்தாக்கிச் சான்றிதழ் தயார் செய்து கொடுக்க ஆள் இருக்கிறார்கள். பொய்ச் சான்றிதழ் பிடிபட்டால் சீட்டோடு போகாது, மாணவர் பாஸும் போய்விடும், பின்னால் வேலை அனுமதி கேட்கும்போதும் அது எழுந்து நிற்கும். அவனுக்குப் பொருந்துவது இரண்டாண்டு எம்பிபி. பொருளியலும் புள்ளியியலும் தலையைத் தின்னும், ஆனால் பிஏ பொருளியல் படித்தவன் சமாளித்துவிடுவான். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டே திறந்துவிடும்.

இங்கே கிடைக்காவிட்டால் ஏஜென்ட் அடுத்து ஒரு தனியார் கல்லூரியைக் காட்டுவார், "அரசாங்கத்தில் பதிவு பெற்றது" என்பார். பதிவு என்பது பள்ளி நடத்த அனுமதி, அவ்வளவுதான். அந்தப் பட்டத்தின் தரத்துக்கு அரசாங்கம் கொடுத்த சான்று இல்லை. இந்த வித்தியாசத்தைப் பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பகுதிநேர வேலையும் இதே கதைதான். தேசியப் பல்கலைக்கழகம் போல மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள இடங்களில் முழுநேரம் படிப்பவர்கள் பாடக் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பட்டியலில் இல்லாத தனியார் பள்ளி மாணவர் ஒரு மணி நேரம்கூடச் செய்யக்கூடாது.

அரசாங்க வேலை? அதை மறந்துவிடுங்கள். வெளிநாட்டவருக்கு அங்கே வாசல் மிகக் குறுகல். தனியாரில் வேலை கிடைத்தாலும், படித்த வெளிநாட்டவருக்குத் தரும் வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 தொடக்கம் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, வயது கூடக் கூட அதுவும் கூடும், அதற்கு மேல் காம்பஸ் என்ற தகுதி மதிப்பீட்டில் 40 புள்ளி வேறு வேண்டும். இரண்டாண்டு கழித்து விதி என்னவாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள். இந்த ஊரில் பாஸ் விதி மாறும் வேகத்துக்குப் படிப்புத் திட்டம் ஈடுகொடுக்காது.

இனி அந்த 500 வெள்ளி. ரசீது இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. ரசீது இல்லையென்றால் பேநவ் (வங்கிவழிப் பணம் அனுப்பும் வசதி) பதிவைத் தேடி எடுத்து வையுங்கள். தரமாட்டேன் என்றால் சிறிய தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலுக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள்.