கேள்வி-பதில்: வட்டாவில் வேப்பிலையும் குளிசையும்

கேள்வி: விஞ்ஞானத்துக்கும் மதத்துக்கும் நடுவிலுள்ள இழுபறியை ஓவியமாக வரைகிறேன். இடது பாதியில் நுணுக்குக்காட்டி, வலது பாதியில் சூலம், நடுவே ஒரு வெடிப்பு. எல்லோரும் நல்லாயிருக்கிறது என்கிறார்கள். ஆனால் ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. என்ன குறை?
— ஓவிய மாணவி, கல்லடி

பதில்: அந்த வெடிப்புத்தான் குறை, மகள். இழுபறி என்கிறீர்கள், ஆனால் இரண்டையும் தொடவே விடாமல் பிரித்து வைத்துவிட்டீர்கள்.

எங்கள் வீட்டில் தங்கச்சிக்கு அம்மாள், அதாவது அம்மை நோய், வந்தபோது தலைமாட்டில் ஒரு வட்டா, அதுதான் தட்டம், இருந்தது. அதில் வேப்பிலைக் கொத்து, மஞ்சள், பக்கத்திலேயே டிஸ்பென்சரியில் தந்த சின்னக் கடதாசி உறை. அம்மா குளிசையைக் கொடுத்த கையாலேயே வேப்பிலையை எடுத்து வீசினார். எதை நம்பினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தக் கையை வரையுங்கள்.

பெரியம்மை உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று 1980இல் அறிவித்தார்கள். ஆனாலும் வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கிறது, சனம் வருகிறது. நோய் போன பிறகும் எதைக் குளிர்விக்க வருகிறார்கள்? உங்கள் படம் இதைக் கேட்டால் ஆட்கள் நிற்பார்கள்.

இது புதுச் சங்கதியும் இல்லை. கலிலியோ தொலைகாட்டியால் நிலவைப் பார்த்து, அது மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்று 1610இல் எழுதினார். மாதாவின் காலடியில் மாசில்லாத நிலவை வரைவதுதான் அதுவரை வழக்கம். அவருடைய நண்பரான ஓவியர் சிகோலி 1612இல் ரோமில், சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்துக்குள் இருக்கும் ஒரு சிற்றாலயத்தின் குவிமாடத்தில், மாதாவைப் பள்ளம் விழுந்த நிலவின் மேல் நிற்க வைத்தார். அந்தச் சிற்றாலயத்தைக் கட்டுவித்தவர் பாப்பரசர் ஐந்தாம் பவுல். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கைக்கு 1616இல் தடை வந்ததும் அவர் காலத்தில்தான். சிகோலி வெடிப்பு எதையும் வரையவில்லை. மாதாவின் காலடியைப் பார்த்தால் போதும்.

அப்புறம் இன்னொன்று. கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகம் யார் பெயரில் இருக்கிறது? காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி, காவியுடுத்த துறவி. பண்டைய யாழின் சுரங்களை அவர் கணக்குப் போட்டே தேடினார். அவரை எந்தப் பாதியில் வைப்பீர்கள்?

கன்வஸைத் திருப்பிப் போடுங்கள். வைகாசி வரும்போது ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு குளிர்த்திக்குப் போங்கள். முதலில் கைகளை மட்டும் வரையுங்கள்.