மாதவிடாய் நின்ற பிறகு ஏறும் சர்க்கரைக்கு வெந்தயக் கேப்சூல் போதுமா?

தர்மபுரி பக்கம் ஐம்பதைத் தொட்ட பெண்கள் பலருக்கும் இந்தக் கேள்வி உண்டு. தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால், நின்றுவிட்டது என்று கணக்கு. அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வெகுவாகக் குறைவதால், இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு இனி வயிற்றில் சேரும். அது இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். களி தின்று வளர்ந்த உடம்புதானே என்றால், அதே உருண்டை இப்போது சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றலாம். கெட்ட கொலஸ்ட்ராலும் ஏறும்.

வெந்தயத்தின் வழவழப்பான நார், குடலிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அவ்வளவுதான், ஈஸ்ட்ரோஜனைத் திருப்பித் தராது. சில கேப்சூல்களில் இருப்பது, கிருஷ்ணகிரி ஆலையில் கூடை கூடையாய் மாம்பழம் டின் கூழாவது போல, சுருக்கி அடைத்த சத்து.

'மூலிகைதானே, ஒன்றும் செய்யாது' என்பது தவறு: சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் அளவு தாறுமாறாக இறங்கி மயக்கமே வரலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.