இரண்டு கல்லுக்கும் கட் 'எக்ஸலண்ட்' என்றால் எதை எடுப்பது?

கேள்வி: நிச்சயதார்த்த மோதிரத்துக்கு ஒற்றைக் கல் வைரம் வாங்கப் போகிறேன். கடையில் இரண்டு வட்டக் கற்களைக் காட்டினார்கள். இரண்டுக்கும் ஜிஐஏ (வைரங்களைத் தரம் பிரிக்கும் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) சான்றிதழ் உண்டு; இரண்டிலும் கட், அதாவது பட்டை தீட்டிய தரம், 'எக்ஸலண்ட்'. முதல் கல் 50 சென்ட் (அரை காரட்), ஜி நிறம், தெளிவுத் தரம் விஎஸ்2. டேபிள் (மேலே உள்ள தட்டை முகம்) விட்டத்தில் 57 சதவீதம், கிரவுன் (மேல்பகுதிச் சரிவு) 34.5 டிகிரி, பெவிலியன் (அடிப்பகுதிச் சரிவு) 40.8 டிகிரி. இரண்டாவது 52 சென்ட், எஃப் நிறம், விஎஸ்1; நிறமும் தெளிவும் ஒரு படி மேல். டேபிள் 59, கிரவுன் 35.5, பெவிலியன் 41.2. விட்டம் இரண்டுக்கும் ஏறத்தாழ 5.1 மில்லிமீட்டர். இரண்டாவது கல்லின் விலை கூடுதல், ஆனால் வீட்டில் எல்லோரும் அதையே எடுக்கச் சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்:

முதல் கல். விலை குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே விலையாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

நகைக்கடை ஒன்றின் வைரப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வருகிற குடும்பங்கள் முதலில் கேட்பது கரும்புள்ளி உண்டா என்று. அடுத்து நிறம், அதற்கடுத்து சென்ட். பட்டை எப்படித் தீட்டியிருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் கல் டாலடிப்பது பட்டையால்தான். ஜி நிறத்தையும் எஃப் நிறத்தையும் மோதிரத்தில் பதித்தபின் வெறும் கண்ணால் பிரித்துச் சொல்லக்கூடியவரை நான் பார்த்ததில்லை. விஎஸ்1, விஎஸ்2 வேறுபாடு பத்து மடங்கு லென்ஸின் கீழ் தெரிகிற சமாச்சாரம். வீட்டில் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்வது இந்த இரண்டுக்கும்தான்.

இனி 'எக்ஸலண்ட்' விஷயம். வட்ட வைரங்களுக்கு ஜிஐஏ 2006 முதல் கட் தரம் வழங்குகிறது. ஐந்து தரங்களில் எக்ஸலண்ட்தான் உச்சம், ஆனால் அது அகலமான வகுப்பு. முதல் வகுப்பில் தேர்ச்சி என்றால் 60 எடுத்தவரும் 95 எடுத்தவரும் அதில் அடக்கம் அல்லவா, அப்படித்தான். ஆகவே அந்தச் சொல்லோடு நிற்காமல், சான்றிதழில் உள்ள வரைபடத்தின் எண்களைப் பார்க்க வேண்டும். நீங்கள் பார்த்துக் குறித்து வந்திருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்தது.

அந்த எண்களில் முக்கியமானது பெவிலியன் கோணம், அதாவது கல்லின் அடிப்பகுதிச் சரிவு. மேலே நுழையும் ஒளி அடியில் ஒரு பக்கம் மோதி, எதிர்ப்பக்கம் மோதி, மறுபடி மேலே வர வேண்டும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, மாறுநிலைக் கோணம் சுமார் 24.4 டிகிரி. உள்ளிருந்து வரும் ஒளி அதைவிடச் சாய்வாக மோதினால் முழுதாகத் திரும்பும், நேராக மோதினால் வெளியே போய்விடும். அடிச்சரிவு செங்குத்தானால் முதல் மோதலில் திரும்பிய ஒளி இரண்டாவது மோதலில் பின்பக்கமாக ஒழுகிவிடும். மிகவும் ஆழமான கல்லில் நடுவே கரிய வட்டமே விழும். சரிவு மிகவும் தட்டையானால் கல்லின் இடுப்பு (மேல்பகுதியும் அடிப்பகுதியும் சேரும் விளிம்பு) டேபிளுக்குள் வெளிறிய வளையமாகப் பிரதிபலிக்கும். மீன் கண் என்பார்கள்.

வைர வியாபாரக் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் 1919-இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார். அவர் சொன்னது டேபிள் 53 சதவீதம், கிரவுன் 34.5, பெவிலியன் 40.75. பிறகு டேபிள் சற்று அகன்றது. கோணங்கள் பெரிதாக மாறவில்லை. நான் பார்க்கும் வரம்பு: டேபிள் 54 முதல் 58, மொத்த ஆழம் விட்டத்தில் 60 முதல் 62.5 சதவீதம், கிரவுன் 34 முதல் 35, பெவிலியன் 40.6 முதல் 41. இரண்டு கோணங்களும் ஒன்றையொன்று ஈடுகட்ட வேண்டும். பெவிலியன் கூடினால் கிரவுன் குறைய வேண்டும், கிரவுன் கூடினால் பெவிலியன் குறைய வேண்டும். உங்கள் இரண்டாவது கல்லில் இரண்டுமே கூடியிருக்கின்றன. டேபிளின் ஓரத்துக்கு அடியில் வளையமாக ஒளி ஒழுகுவது இத்தகைய கற்களில்தான். மோசமான கல் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் வைத்தால் முதல் கல் அதைத் தோற்கடிக்கும். அதிகமான அந்த 2 சென்ட்டும் விட்டத்தில் தெரியவில்லை பாருங்கள், ஆழத்தில் போயிருக்கிறது. பட்டை தீட்டுபவருக்கு எடையை மிச்சப்படுத்தினால் லாபம். ஒரு காரட் வட்டக் கல் சரியாக வெட்டப்பட்டால் 6.4 மில்லிமீட்டருக்குக் குறையாது. 6.2 தான் இருக்கிறது என்றால், 90 சென்ட்டுக்கான முகத்தை ஒரு காரட் விலைக்கு வாங்குகிறீர்கள்.

பாலிஷ், சிமெட்ரி (பட்டைகளின் சமச்சீர்) இரண்டும் எக்ஸலண்ட் அல்லது வெரி குட் என்றிருந்தால் போதும். 'ப்ளூ ஜாகர்', 'பெல்ஜியம் கட்' என்று வியாபாரப் பெயர்களை விற்பனையாளர் சொன்னால் புன்னகைத்துவிட்டு வரைபடத்தைக் கேளுங்கள். உலகின் வைரங்களில் பெரும்பகுதி சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகிறது. பெல்ஜியம் என்ற பெயர் கோணத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

எண்கள் மட்டும் போதுமா என்றால், போதாது. எட்டு முதன்மைப் பட்டைகளின் சராசரியை எடுத்து, கிரவுனை அரை டிகிரிக்கும் பெவிலியனை 0.2 டிகிரிக்கும் முழுமையாக்கித்தான் ஜிஐஏ அச்சிடுகிறது. எண்களை வைத்துக் கற்களைக் கழிக்கலாம். தேர்ந்தெடுக்கக் கண் வேண்டும்.

கண்ணால் பார்க்கும்போது கடையின் விளக்குகளுக்கு அடியில் நிற்காதீர்கள். சிறு சிறு ஸ்பாட் விளக்குகள் எந்தக் கல்லையும் மினுக்கிக் காட்டும், அதற்காகவே அவற்றை மாட்டுகிறார்கள். இரண்டு கற்களையும் சன்னலோரம் எடுத்துப் போய், நேர் வெயில் படாத நிழலில் ஒரு முழத் தூரத்தில் வைத்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நல்ல கல்லில் வெளிச்சம் ஓரம்வரை வரும். இருள் திட்டுகள் சிறியவையாக, சாய்க்கச் சாய்க்க இடம் மாறும். சுமாரான கல்லில் டேபிளைச் சுற்றி ஒரு மங்கல் அசையாமல் நிற்கும். நேர் வெயிலில் நல்ல வைரமும் கருத்துத் தெரியும், இடையிடையே வண்ணப் பொறி தெறிக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஐடியல்ஸ்கோப் என்ற சிவப்புக் குழல் கிடைத்தால் இன்னும் சுலபம். அதில் சிவப்பு திரும்பிய ஒளி, வெளிறிய இடம் ஒழுகிய ஒளி. கல்லை உதிரியாக விற்பவர்களிடம் அந்தப் படத்தையே கேட்கலாம்.

இவ்வளவும் வட்டக் கல்லுக்கு. ஓவல், பேர் (பேரிக்காய்) போன்ற வடிவங்களுக்கு ஜிஐஏ கட் தரம் தருவதில்லை, நடுவில் வண்ணத்துப்பூச்சி டை போல் இருள் விழுகிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் கோணக் கணக்கு இதேதான்.

கடைசியாக இரண்டு வேலைகள். கல்லின் இடுப்பில் லேசரால் பொறித்த எண் இருந்தால், மோதிரத்தில் பதிப்பதற்கு முன் அதைச் சான்றிதழோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பதிக்கும்போது பின்பக்கத்தை மூடாமல் திறந்து வைக்கச் சொல்லுங்கள். வைரத்துக்கு எண்ணெய்ப் பசை சட்டென்று ஒட்டும். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேசையின் மேல் தண்ணீரோடு தாதுவை ஓடவிட்டு வைரத்தைப் பிரித்ததே இந்தக் குணத்தை வைத்துத்தான். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையும் முகத்துக்குப் போடும் கிரீமும் சேர்ந்து பெவிலியனில் படிந்தால், 40.8 டிகிரியாக இருந்தும் ஒளி ஒழுகத்தான் செய்யும். பின்பக்கம் திறந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு, மிருதுவான பிரஷ்ஷால் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக்கொள்ளலாம்.